ஒரே வாய்பாடு, மூன்று பெயர்: வொர்லி கண்டென்சரில் பிடித்த பச்சை

தாராவியில் குளிர்சாதனப் பழுதுப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. வொர்லி கடற்கரையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்த ஏசியின் வெளி யூனிட், நான்காவது ஆண்டிலேயே வாயு கசிந்து நின்றுபோனது. கழற்றினால், அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன. செம்புக் குழாயெங்கும் பச்சை. மூன்று இடங்களில் சுரண்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். குழாயின் அடிப்பக்கத்தில் அட்டகமைட், வளைவில் கிளைனோஅட்டகமைட், பித்தளை நட்டில் பாராட்டகமைட் என்று அறிக்கை வந்திருக்கிறது. முதல் இரண்டுக்கும் எதிரே ஒரே வேதி வாய்பாடு. "ஆய்வுக்கூடத்தில் குழப்பிவிட்டார்களா? ஒரே சரக்குக்கு எதற்கு மூன்று பெயர்? எந்தப் பெயராக இருந்தால் எனக்கென்ன?" என்று கேட்கிறார்.

தம்பி, அவர்கள் குழப்பவில்லை. பச்சையைப் பொறுத்தவரை ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் குழாயை ஓட்டை போட்ட பொருள் அந்த அறிக்கையிலேயே இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். அரிமானச் சோதனையில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் நான். இந்தப் பச்சையின் உள் அமைப்பைப் பற்றிப் பேச யாராவது கூப்பிட்டால் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் களிம்பு என்ற சொல். செம்பில் பச்சையாக எது படிந்தாலும் நாம் களிம்பு என்கிறோம். ஆன்மாவோடு பிறப்பிலேயே ஒட்டியிருக்கும் ஆணவ மலத்துக்கு சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமையும் செம்பில் களிம்புதான். வேதியியலாரிடம் போனால் அந்த ஒரு சொல் பத்தாக உடையும். கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து உண்டாக்குவது மாலகைட் என்னும் கார்பனேட். நகரத்துக் கந்தகப் புகையில் உண்டாவது புரோக்கன்டைட் என்னும் சல்பேட். 1886இல் நியூயார்க் துறைமுகத்தில் திறந்துவைக்கப்பட்ட சுதந்திர தேவி சிலையின் பச்சையில் பெரும்பகுதி அதுதான். கடல் உப்பு புகுந்தால் வருவது குளோரைடு களிம்பு. மும்பையின் மேற்குக் கரையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. ஒரு சிட்டிகைப் பொடியில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்குவது கார்பனேட்; சத்தமில்லாமல் கரைவது மற்ற இரண்டில் ஒன்று.

குளோரைடு களிம்பின் வாய்பாடு எளிது: இரண்டு செம்பு, மூன்று ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி), ஒரு குளோரின். இதே சாமான்களை வைத்து இயற்கை குறைந்தது மூன்று விதமாக வீடு கட்டுகிறது. பொட்டலகைட், அட்டகமைட், கிளைனோஅட்டகமைட். கரியே வைரமாகவும் பென்சில் முனையாகவும் இருப்பதை உதாரணம் சொல்வார்கள். ஆனால் அங்கே வேறுபாடு கண்ணுக்கே தெரியும். இந்த மூன்றோ அண்ணன் தம்பிகளைப் போல ஒரே சாயல். பொடியாக்கிவிட்டால் நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

ஏன் ஒரே பொருள் மூன்று விதமாக அடுக்கிக்கொள்கிறது என்றால், செம்பின் குணம் அப்படி. களிம்பில் இருக்கும் செம்பு இரண்டு எலக்ட்ரான்களை இழந்த அயனி. அதன் வெளிக்கூட்டில் ஒன்பது டி-எலக்ட்ரான்கள் மிஞ்சியிருக்கும். பத்து இருந்தால் எல்லாப் பக்கமும் சமம். ஒன்பது என்பதால் ஓர் இடம் காலி, அதனால் சமநிலை கோணல். அதைச் சுற்றி மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நான்கு என ஹைட்ராக்சிலும் குளோரினுமாக ஆறு பேர் நிற்கிறார்கள்; இதை எண்முகி என்கிறோம். நடுவில் இருக்கும் நால்வரைச் செம்பு தன்னிடம் இழுத்துக்கொள்ளும். தூரம் சுமார் 2 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். மேலும் கீழும் இருப்பவர்களை எட்டவே நிறுத்திவிடும். அங்கே குளோரின் நின்றால் தூரம் 2.8 வரைகூடப் போகும். யான்–டெல்லர் விளைவு என்று இதற்குப் பெயர். எட்ட நிற்பவர்களின் பிடி தளர்வானது. அதனால் அவர்களை எந்தப் பக்கம் வைத்தாலும் பெரிய நட்டமில்லை. அடுக்கும் முறைகள் பெருகுகின்றன. மூன்று வடிவங்களுக்கும் இடையே உள்ள ஆற்றல் வேறுபாடு மிகச் சிறியது.

இனி அடுக்கும் விதம். இதற்குக் கோலம் போடத் தெரிந்த யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஊடுபுள்ளிக் கோலத்தில் ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளி விழும். உள்ளே இருக்கும் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சுற்றி ஆறு புள்ளிகள். பொட்டலகைட்டில் செம்பு அணுக்கள் ஏறக்குறைய இப்படித்தான் ஒரு தளத்தில் பரவியிருக்கின்றன. ஒவ்வொரு தளத்தின் மேலும் கீழும் ஹைட்ராக்சிலும் குளோரினும் போர்த்தியிருக்கும். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் நடுவே செம்பு கிடையாது. ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும்தான் இரண்டையும் பிடித்திருக்கிறது. தளத்துக்குத் தளம் 5.7 ஆங்ஸ்ட்ராம். அப்பளக் கட்டு போல அடுக்கி வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரத்தில் உள்ள பொட்டலக் சுரங்கத்தின் பெயர் இதற்கு.

இப்போது அதே கோலத்தில் ஒரு வரிசையை அப்படியே விடுங்கள். அடுத்த வரிசையில் ஒன்று விட்டு ஒன்றை அழியுங்கள். அதற்கடுத்ததை அப்படியே விடுங்கள். மொத்தத்தில் கால் பங்கு புள்ளிகள் போய்விடும். மிஞ்சியவற்றைக் கோடு போட்டு இணைத்தால், நடுவே ஆறுகோண ஓட்டை, அதைச் சுற்றி முக்கோணங்கள். ஆறுகோணக் கண் விட்டுப் பின்னிய மூங்கில் கூடையைப் பார்த்திருப்பீர்களே, அதே பின்னல். ஜப்பானியர் இதைக் ககோமே, அதாவது கூடைக் கண், என்கிறார்கள். இயற்பியலிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கிளைனோஅட்டகமைட்டில் முக்கால் பங்கு செம்பு இந்தக் கூடைப் பின்னலாகத் தளத்தில் இருக்கிறது. அழித்த கால் பங்கு எங்கும் போய்விடவில்லை. இரண்டு தளங்களுக்கு நடுவே உட்கார்ந்து, மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் ஆணி அடித்தது போலக் கோத்திருக்கிறது. தளத்துச் செம்புக்கு நான்கு ஹைட்ராக்சிலும் இரண்டு குளோரினும் பக்கத்தில். நடுவே இருக்கும் செம்புக்கு ஆறும் ஹைட்ராக்சில். இந்த ஆறு பேர் வட்டம் சமச்சீராக இருக்கவே ஆசைப்படும். ஆனால் செம்பின் கோணல் குணம் அதை இழுத்துச் சாய்த்துவிடுகிறது. அதனால்தான் படிகமே சாய்ந்து, ஒரு கோணம் 90க்குப் பதில் 99.65 பாகையாக நிற்கிறது. பெயரில் உள்ள 'கிளைனோ' என்பது அந்தச் சாய்வைத்தான் சொல்கிறது.

அட்டகமைட்டைக் கோலத்தில் விளக்குவது சிரமம். அது மூன்று திசையிலும் கோத்த வலை. இரண்டு வகைச் செம்பு இடங்கள் உண்டு. ஒன்றுக்கு நான்கு ஹைட்ராக்சில், இரண்டு குளோரின். மற்றதற்கு ஐந்து ஹைட்ராக்சில், ஒரு குளோரின். ஒரு திசையில் பார்த்தால் செம்பு அணுக்கள் வாள் பல் போல ஏறி இறங்கிச் சங்கிலியாக ஓடும். கோணங்கள் மூன்றும் நேர் 90, பக்கங்கள் 6.03, 6.87, 9.12 ஆங்ஸ்ட்ராம், மூன்றும் வேறுவேறு. செவ்வகப் பெட்டி, அவ்வளவுதான். பெயர் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து வந்தது. அந்த ஊரில் இது குவிந்து கிடைப்பதற்கும் காரணம் உண்டு: நல்ல மழைத்தண்ணீர் பட்டால் அட்டகமைட் நிலைப்பதில்லை. மழையே காணாத நிலமும் உவர் நீரும் சேர்ந்த இடம் வேண்டும். உங்கள் குழாயின் அடிப்பக்கத்தில் மட்டும் அட்டகமைட் கிடைத்தது எனக்கு வியப்பில்லை. மும்பை மழை நேராக அடித்துக் கழுவாத பக்கம் அது. (கடலடிச் சேற்றில் வாழும் கிளைசெரா என்னும் புழு தன் பல்லில் அட்டகமைட்டை வைத்திருக்கிறது. கடித்துத் துளைக்க அது போதுமாம். இந்தச் செய்தி உங்கள் பட்டறைக்குப் பயன்படாது, எனக்குப் பிடித்திருப்பதால் சொன்னேன்.)

மூன்றும் ஒரே நாளில் உண்டாவதில்லை. முதலில் அவசரமாகக் கட்டப்படுவது பொட்டலகைட்; மூன்றிலும் நிலைப்பு குறைந்தது அதுதான். உப்பு நீரில் கிடக்கக் கிடக்க அது கலைந்து அட்டகமைட்டாகவோ கிளைனோஅட்டகமைட்டாகவோ மாறும். நம் அறை வெப்பநிலையில் கடைசியாக நிலைப்பது கிளைனோஅட்டகமைட். ஆனால் ஆற்றல் வேறுபாடு சொற்பம் என்று சொன்னேனே. ஆகவே அட்டகமைட் அப்படியே ஆண்டுக்கணக்கில் கிடக்கவும் கூடும். ஒரே குழாயின் இரண்டு இடங்களில் இரண்டு பெயர் வந்ததற்கு இதுவே போதும். இரண்டு இடத்திலும் ஈரம் தங்கிய விதம் வேறு, உப்பின் செறிவு வேறு.

ஆய்வுக்கூடம் இதை எப்படிக் கண்டுபிடித்தது என்று சந்தேகம் வரலாம். பொடியின் மீது எக்ஸ்ரே செலுத்தினால் அணுத் தளங்கள் குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் அதைப் பலமாகத் திருப்பி அனுப்பும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவியில் எக்ஸ்ரேயை உண்டாக்குவதும் பெரும்பாலும் ஒரு செம்புத் துண்டுதான், அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். அட்டகமைட்டும் கிளைனோஅட்டகமைட்டும் 16.2 பாகைக்கு அருகே பெரிய கோடு தரும். இதை மட்டும் பார்த்துப் பெயர் சொல்பவரை நம்பாதீர்கள். 17.6இல் இன்னொரு நல்ல கோடு இருந்தால் அட்டகமைட். அங்கே வெறுமையாக இருந்தால் கிளைனோஅட்டகமைட். பொட்டலகைட் 15.5 பாகையை ஒட்டித் தலைகாட்டிவிடும். உங்கள் அறிக்கையோடு வரைபடம் இணைத்திருந்தால் அடிக்கோல் வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பெயருக்கு வருவோம். பித்தளை நட்டில் துத்தநாகம் இருக்கிறது. துத்தநாக அயனிக்குப் பத்து டி-எலக்ட்ரான்கள். கோணல் குணம் கிடையாது. ஆறு பேரையும் சமதூரத்தில் வைத்துக்கொள்ள அதற்கு எந்தத் தயக்கமும் இல்லை. கிளைனோஅட்டகமைட்டில் இரண்டு தளங்களுக்கு நடுவே உள்ள அந்தச் சமச்சீர் இடம் அதற்காகவே செய்துவைத்தது போல இருக்கிறது. அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு துத்தநாகம் புகுந்ததும் சாய்ந்த படிகம் நிமிர்ந்துகொள்கிறது, அதுதான் பாராட்டகமைட். எக்ஸ்ரே வரைபடத்தில் இரட்டையாகப் பிரிந்திருக்கும் சில கோடுகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பொடியில் இதைப் பிரித்தறிவது கடினம்; துத்தநாகத்தையும் அளந்து பார்த்திருந்தால்தான் அந்தப் பெயரை நான் ஏற்பேன்.

இந்தப் பெயரில் பழைய குழப்பம் ஒன்றும் உண்டு. 1906இல் ஹெர்பர்ட் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் கனிமவியலாளர் பாராட்டகமைட் என்று பெயரிட்டார். தொண்ணூறு ஆண்டுகள் தூய செம்பின் பச்சையையும் பலர் அதே பெயரில் அழைத்து வந்தார்கள். 1996இல்தான் தூய செம்பு வடிவம் வேறு என்று தெளிவாகி, கிளைனோஅட்டகமைட் என்ற பெயர் வந்தது. ஆகவே பழைய வெண்கலச் சிலைகளைப் பற்றிய அந்தக் காலக் குறிப்புகளில் பாராட்டகமைட் என்று படித்தால் பெரும்பாலும் கிளைனோஅட்டகமைட் என்று மாற்றிப் படிக்க வேண்டும். நடு இடம் முழுவதையும் துத்தநாகமே பிடித்துக்கொண்டால் கிடைப்பது இன்னொரு கனிமம். 2004இல் அதற்கு ஹெர்பர்ட்ஸ்மிதைட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அதில் கூடைப் பின்னல் செம்புத் தளங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தனித்து நிற்கும். செம்பு அயனி ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் இருக்கும் இந்தச் சிறு காந்தங்கள், பக்கத்துக் காந்தத்துக்கு எதிராகவே திரும்ப வேண்டும் என்று விரும்பினால் என்ன ஆகும்? இரண்டு ஒத்துக்கொள்ளும், மூன்றாவது தவிக்கும். இப்படித் தவித்தே எந்த ஒழுங்கிலும் உறையாத ஒரு நிலை இருக்கலாம் என்று 1973இல் இயற்பியலாளர் ஆண்டர்சன் சொன்னார். அதைத் தேடும் இயற்பியலாளர்கள் இன்று இந்தக் கனிமத்தைப் பரிசோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கிறார்கள். உங்கள் நட்டில் இருந்த பச்சை அதற்கு ஒன்றுவிட்ட உறவு.

சரி, ஓட்டைக்கு வருகிறேன். இதுவரை பேசிய பச்சை எல்லாம் வெளியே தள்ளப்பட்ட சக்கை. செம்பை அரிப்பது அதற்கும் கீழே, உலோகத்தை ஒட்டி ஒளிந்திருக்கும் நான்டோகைட். ஒரு செம்புக்கு ஒரு குளோரின்; வெளிறிய சாம்பல் நிறம், மெழுகு போல மென்மை. அமைப்பில் சிக்கலே இல்லை: கனசதுரம், பக்கம் 5.42 ஆங்ஸ்ட்ராம், ஒவ்வொரு செம்பைச் சுற்றியும் நான்கு குளோரின். குழாயின் மேலிருந்து கீழே போனால் பச்சை, அதன்கீழ் குப்ரைட் என்னும் செந்நிறச் செம்பு ஆக்சைடு, அதற்கும் கீழே குழிகளில் நான்டோகைட், பிறகு உலோகம். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தாண்டினாலே நான்டோகைட் ஆக்சிஜனையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பச்சையாக மாறத் தொடங்கும். மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். நான்கு மூலக்கூறு நான்டோகைட்டுக்கு இரண்டு மூலக்கூறு அமிலம். அது புதுச் செம்பை அரித்து மறுபடி நான்டோகைட்டை உண்டாக்கும். அருங்காட்சியகக்காரர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள்; வெளியிலிருந்து புதிதாக உப்பே வராவிட்டாலும் உள்ளே சுழன்றுகொண்டே இருக்கும். இன்னொரு கேடு, இடம். உலோகமாக இருந்தபோது ஒரு செம்பு அணுவுக்குத் தேவைப்பட்ட இடத்தைப் போல நான்கு மடங்கு இடம் பச்சையில் வேண்டும். அதனால்தான் பச்சை மரு மருவாக வீங்கிப் பிளக்கிறது.

மும்பையில் மழைக்காலம் முழுவதும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல்தான். சாப்பாட்டு உப்பு 75 சதவீதத்தில் தானே கசிந்து நீராகிவிடும். கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 போதும். வொர்லி மாடியில் உங்கள் குழாய் காய்ந்திருந்த நாட்கள் மிகக் குறைவு.

உங்கள் அறிக்கையில் நான்டோகைட் ஏன் வரவில்லை? மேலாகச் சுரண்டினீர்கள், அது ஒன்று. தப்பித் தவறி வந்திருந்தாலும், காகிதத்தில் மடித்து நாலு நாள் வைத்து, பிறகு அரைப்பதற்குள் அது பச்சையாகியிருக்கும். அடுத்த முறை சுரண்டாதீர்கள். கசிந்த இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலக் குழாயை அறுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் அனுப்புங்கள். வெட்டுமுகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், எக்ஸ்ரேயில் 28.5 பாகையில் கோடு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். காசு செலவழிக்க மனமில்லை என்றால் வீட்டுச் சோதனை ஒன்று உண்டு. அறுத்த துண்டை மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்து, நனைந்த பஞ்சோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். குழிகளில் புதிதாக வெளிர்பச்சைப் பொட்டு முளைத்தால் நோய் உயிரோடு இருக்கிறது.

வெட்டுமுகத்தில் வேறொன்றும் தெரியலாம். எறும்புப் புற்றுபோலக் கிளைவிட்டு ஓடும் நுண்ணிய சுரங்கங்கள், உள்ளே செந்நிறக் குப்ரைட், வெளியே பச்சை ஏதோ பெயருக்கு. அப்படியானால் குற்றவாளி உப்பு இல்லை. ஃபார்மிக், அசெட்டிக் போன்ற கரிம அமிலம். புளித்த காடி வாசனை வீசும் மலிவு சிலிக்கான் பசையை மூடிய இடத்தில் பூசினால்கூட இது வரும். உள் யூனிட்டின் காயிலில், அதாவது குழாய்ச் சுருளில்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். உங்களுடையது வெளி யூனிட், மேலே மருக்களும் இருக்கின்றன என்பதால் என் சந்தேகம் நான்டோகைட் மீதுதான்.

கட்டடக்காரரிடம் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: உங்களுக்கு முன் யாராவது அந்தக் காயிலை 'ஆசிட்' ஊற்றிக் கழுவினார்களா? கழிப்பறை கழுவும் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். நான்டோகைட்டுக்கு அதைவிடச் சிறந்த விதை கிடையாது. ஒரு நிமிடத்தில் குழாய் புதுசு போல மின்னும். பிறகு ஒரே மழைக்காலத்தில் வட்டியோடு வசூலித்துவிடும். நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பதும் அதே கதையின் சின்னப் பதிப்பு. புளியின் அமிலம் பச்சையைக் கரைக்கும், நல்லது. உப்பு இடுக்குகளில் தங்கிவிட்டால் அடுத்த வாரமே பச்சை திரும்பும். மாட்டுங்காவில் வாங்கிய எங்கள் வீட்டு விளக்கின் கழுத்து மடிப்பில் பத்தாண்டாகப் பச்சை போகாமல் இருந்தது. உப்பை நிறுத்தி, தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, துடைத்து, வெயிலில் காய வைக்கத் தொடங்கியதும் நின்றது. இதைச் சொன்னபோது வீட்டில் யாரும் என் உலோகவியலைப் பாராட்டவில்லை.

அந்த யூனிட்டின் காயிலைக் காப்பாற்ற முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்துக் குழியில் அடுத்தது திறக்கும். புதுக் காயில் மேல்பூச்சோடு வரட்டும். மேல்பூச்சைப் பட்டறையில், முதல் கடல்காற்று படும் முன்பே போட வேண்டும். மாடியில் ஏற்றி இரண்டு மாதம் கழித்துப் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். மாதம் ஒரு முறை குழாய்த் தண்ணீரால், அழுத்தமில்லாமல், அடிப்பக்கமும் நனையும்படி கழுவச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்குப் பிறகு இதை அதிகம் மறப்பார்கள். அப்போது மேலிருந்து கழுவிக்கொடுக்க மழையும் இல்லை, காற்றில் உப்பு மட்டும் இருக்கிறது. கழுவும் ஆளிடம் அடிப்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், கழுவினாரா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.